இயந்திரமும் நம் உரிமையும்

(வெள்ளி விழாவையொட்டி அகரத்தில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அறிவியல் வளர்ச்சியும் நம் சமுதாயமும்" என்னும் தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். தலைப்பு மிகப் பெரியது. விண்கலம் பற்றியும் அணுவுலை பற்றியும் பேசுதற்குரிய அறிஞர்கள் வேறு உளர். நாம் நாள்தோறும் நம்பி வாழும் ரேஷன் கடை, பேருந்து, கல்லூரி உதவித்தொகை ஆகியவற்றில் இயந்திரம் புகுந்த பின் நம் நிலை என்ன என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு பழைய செய்தி. 1901ஆம் ஆண்டு. ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், தன் தமையனோடும் அக்காள் பிள்ளைகளோடும் சதாராவிலிருந்து கோரேகானில் வேலை பார்த்த தந்தையைக் காணப் புகைவண்டியில் புறப்பட்டான். வருகிறோம் என்று முன்னரே கடிதம் எழுதியாயிற்று. காசு கொடுத்தார்கள், பயணச்சீட்டுக் கிடைத்தது. புகைவண்டி அவர்களை மசூர் நிலையத்தில் குறித்தபடி இறக்கிவிட்டது. ஆனால் அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. நல்ல உடை உடுத்திய பிள்ளைகளைக் கண்டு நிலைய அதிகாரி பரிவோடு விசாரித்தார். மகர் சாதிப் பிள்ளைகள் என்று அறிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. வாடகை வண்டிக்காரர் ஒருவரும் ஏற்றிச் செல்ல இசையவில்லை. இரட்டிப்புக் கூலி பெற்று, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, தான் உடன் நடந்து வருவதாக ஒருவன் ஒப்புக்கொண்டான். கையில் கட்டுச்சோறு இருந்தும் குடிக்க நீர் தருவார் இன்றி அவ்விரவைக் கழித்தனர். கடிதம் என்னவாயிற்று? ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. அதைப் பெற்ற வேலையாள் தந்தையின் கையில் கொடுக்கத் தவறிவிட்டான். அச்சிறுவன்தான் பின்னாளில் இந்திய அரசியலமைப்புச் சட்டத்தை வரைந்த டாக்டர் அம்பேத்கர். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவரே இதனை எழுதியுள்ளார்.

இதில் நான் கவனிப்பது ஒன்று. தபால் வேலை செய்தது. புகைவண்டியும் வேலை செய்தது. நாட்டின் இருபெரும் ஏற்பாடுகள் ஒரு குறையுமின்றி இயங்கியும், பிள்ளைகள் தண்ணீருக்குத் தவித்தனர். கோளாறு நேர்ந்தது கடைசி இடத்தில். கடிதத்தைக் கையில் வைத்திருந்த ஆளிடத்தும், வண்டியை வைத்திருந்த ஆளிடத்தும்.

தென்னாட்டிலும் இதே கதைதான். புகைவண்டியின் இன்ஜினுக்குச் சாதி தெரியாது. ஆனால் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலைக்குத் தெரிந்திருந்தது. பிராமணர்க்குத் தனி இடம் என்னும் பலகை அங்கே நெடுங்காலம் தொங்கியது. பெரியார் நடத்திய கிளர்ச்சிக்குப் பின், 1941இல்தான் அது இறங்கியது. பேருந்து வந்தபோதும் அவ்வாறே. ஆதி திராவிடரை ஏற்ற மறுத்த பேருந்து முதலாளிகள் இருந்தனர். அப்போது இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், நம் மாவட்டத்துப் பட்டிவீரன்பட்டியில் பிறந்தவர். ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் இல்லை என்று அவர் உத்தரவிட்டார். முதலாளிகளின் மனம் ஒரே நாளில் திருந்தியிருக்கும் என்று நான் நம்பவில்லை. உரிமம் போய்விடும் என்ற அச்சம் வந்தது. நம்மவர் ஏறி உட்கார்ந்தனர். உபதேசத்தைவிட உத்தரவு விரைந்து வேலை செய்யும் இடங்கள் உண்டு.

இனி ரேஷன் கடைக்கு வருவோம்.

1997ஆம் ஆண்டு மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று குடும்பங்களைப் பிரித்து உணவுப் பங்கீட்டை மாற்றியமைத்தது. தமிழ்நாடு அவ்வாறு பிரிக்கவில்லை. அட்டை வேண்டுவோர் அனைவர்க்கும் அட்டை என்னும் கொள்கையையே வைத்துக்கொண்டது. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படலாயிற்று. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016 நவம்பரில் சேர்ந்தபோதும் அனைவருக்குமான பங்கீடு கைவிடப்படவில்லை. இதன் அருமையை வடநாட்டு ஊர்களைக் கண்டவரே முழுதும் உணர்வர். "நான் ஏழை" என்று ஊர்ப் பெரியவர் முன் நின்று மெய்ப்பிக்க வேண்டிய இழிவு நம் தாய்மார்களுக்கு இல்லை. அவ்வாறு மெய்ப்பிக்கும் வேலை இருந்திருப்பின் பட்டியல் எழுதும் பேனா யாருடைய கையில் இருந்திருக்கும் என்பதை உங்கள் ஊகத்திற்கே விடுகிறேன்.

2017இல் காகித அட்டை போய் மின்னணுக் குடும்ப அட்டை வந்தது. 2020 அக்டோபரில் விரல்ரேகை பார்க்கும் முறை வந்தது. போலி அட்டைகளைக் களையவும், அரிசி கடத்தப்படுவதைத் தடுக்கவும் இது உதவும் என்றார்கள். உதவும் என்பதை நானும் மறுக்கவில்லை. நம் பங்கு அரிசியைத் திருடி விற்றவன் நம்மீது அன்பு கொண்டவன் அல்லன். ஆயினும் விரல்ரேகை என்பது யாது? விரல் நுனித் தோலில் உள்ள மேடு பள்ளங்கள். முன்னர்ப் பதிந்த மேடு பள்ளங்களோடு இன்று வைத்த விரலை இயந்திரம் ஒப்பிடுகிறது. தோல் தேய்ந்தால் ரேகை மங்கும், முதுமையிலும் மங்கும்.

திண்டுக்கல்லின் தோல் ஷாப்புகளில் வேலை செய்தோர் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். மயிர் கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, அதைக் கையால் அள்ளிப் புரட்டிய தலைமுறை அது. அவ்வாழ்வை டி. செல்வராஜ் 'தோல்' என்னும் நாவலாக எழுதினார். அதற்கு 2012ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. இளைஞர்கள் படிக்க வேண்டும். அக்கைகளில் ரேகை எங்கே மிஞ்சும்? சிமெண்டுக் கலவை குழைக்கும் கையிலும், செங்கல் அறுக்கும் கையிலும் எங்கே மிஞ்சும்? அலுவலகத்தில் அமர்ந்து எழுதுவோரின் விரல் தெளிவாகப் பதிகிறது. நாட்டுக்காக எந்தக் கை அதிகம் தேய்ந்ததோ, அந்தக் கையையே இயந்திரம் 'நீ யார்' என்று கேட்கிறது. வேண்டுமென்று எவரும் இதனைச் செய்யவில்லை. இயந்திரத்தை வடிவமைத்தவர் முன் அந்தக் கை இல்லை, அவ்வளவே.

சட்டம் இதற்கு வழி வைக்கவில்லையா? வைத்திருக்கிறது. ஜார்க்கண்டு மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்காததால் அட்டை நீக்கப்பட்டு, உணவின்றி இறந்தாள் என்றது குடும்பம். மலேரியா என்றது அரசு. அடுத்த மாதமே, ஆதார் இணைக்கவில்லை என்பதற்காக அட்டையை நீக்கக் கூடாது, தகுதியுடையோர்க்கு உணவுப் பொருள் மறுக்கக் கூடாது என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிற்று. 2018 செப்டம்பர் 26ஆம் நாள் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மானியங்களுக்கு ஆதார் கேட்பதை அனுமதித்தது. ஆனால் ரேகை பொருந்தாமையால் உரியவர்க்கு உதவி மறுக்கப்படலாகாது என்பதையும் வலியுறுத்திற்று. தமிழ்நாட்டிலும் ரேகை பதியாவிடில் கைப்பேசிக்கு வரும் எண், கருவிழிப் பதிவு என வேறு வழிகள் உண்டு. கடைக்கு வர இயலாதவர் தமக்காகப் பொருள் வாங்க ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தாயுமானவர் திட்டம் முதியோர், மாற்றுத்திறனாளிகள் இல்லங்களுக்கே பொருளைக் கொண்டுசெல்ல வகுக்கப்பட்டது.

வழி இருக்கிறது. ஆனால் கிழவி திரும்பிப் போகிறாள். ஏன்? "ரேகை விழவில்லை பாட்டி, நாளைக்கு வா" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. முன்பு "தரமாட்டேன்" என்று சொன்னவர் தம் முகத்தைக் காட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது "சர்வர் வேலை செய்யவில்லை" என்றால் போதும். மறுத்தவர் யார் என்பதே தெரியாது. கடைக்காரரை மட்டும் நான் குறை கூறவில்லை. வரிசை நீண்டிருக்கும், எடை குறைந்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள், இயந்திரம் நின்றால் திட்டு வாங்குவதும் அவரே. மாற்று வழியை அவருக்குத் தெளிவாகச் சொல்லி, எழுதி ஒட்டுவது மேலே உள்ளவர்களின் கடமை.

உலகில் எல்லா இடத்திலும் இயந்திரம் நின்றால் "நாளைக்கு வா" என்பதுதானா? 2024 ஜூலை 19ஆம் நாள், ஒரு பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான மென்பொருள் ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் கணிப்பொறிகள் முடங்கின. மருத்துவமனைகளும் வங்கிகளும் விமான நிலையங்களும் திணறின. நம் நாட்டு விமான நிலையங்களில் அன்று நடந்தது என்ன? ஊழியர்கள் பேனாவை எடுத்தார்கள். பயணியின் பெயரையும் இருக்கை எண்ணையும் கையால் எழுதி அனுமதிச் சீட்டுக் கொடுத்தார்கள். தாமதமும் கூச்சலும் இருந்தன. ஆனாலும் எழுதிக் கொடுத்தார்கள். விமானத்தில் போகிறவர்க்குப் பேனா உண்டு என்றால், பத்துக் கிலோ அரிசிக்கு வந்தவர்க்கும் பேனா இருக்க வேண்டும். நான் இங்கு வந்து சொல்ல விரும்பியது இதுவே. கணிப்பொறி வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். அது நின்றுபோகும் நாளில் எழுதிக் கொடுக்கக் கடமைப்பட்டவர் யார் என்பது பலகையில் பெயரோடு இருக்க வேண்டும் என்கிறேன்.

இளைஞர்களுக்கு மிக அண்மையான பொருள் உதவித்தொகை. வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அம்பேத்கர், 1942இல் அளித்த மனுவில் தாழ்த்தப்பட்டோரின் உயர்கல்விக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று வாதாடினார். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கிற்று. நம் வீடுகளில் இருக்கும் முதல் பட்டங்களில் பெரும்பான்மை அப்பணத்தால் வந்தவை. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டின் அரசாணை 92, கட்டாயக் கட்டணங்களை மாணவரிடம் கேட்காமல் அரசே ஏற்க வழி செய்தது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை, ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய்த் திட்டமாக இதனை மாற்றி, அறுபது விழுக்காடு மத்திய அரசும் நாற்பது விழுக்காடு மாநிலமும் ஏற்கும் என்று முடிவு செய்தது. நிதியைப் பொறுத்தவரை வரவேற்கத்தக்க முடிவு. அதனோடு, பணம் மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேராகச் செல்லும் என்பதும் வந்தது. இதற்கும் காரணம் இருந்தது. மாணவர் பெயரில் கல்லூரி நடத்துவோர் பணத்தை எடுத்துக்கொண்டதாக இமாச்சலப் பிரதேசத்திலும் உத்தரகாண்டிலும் வழக்குகள் நடந்தன.

ஆனால் பணம் நேராகச் செல்ல வேண்டுமெனில் பெயர் பொருந்த வேண்டும். இங்கேதான் நம் பிள்ளைகள் இடறுகின்றனர். தமிழர்க்குத் தலைப்பெழுத்து உண்டு, குடும்பப் பெயர் இல்லை. விண்ணப்பத்தின் கட்டமோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கிறது. ஒருவர் தந்தை பெயரைப் பின்னால் எழுதுகிறார். மற்றொருவர் முன்னால் எழுதுகிறார். தமிழ்ச்செல்வி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்தை ஒருவர் ஓரெழுத்தால் எழுதுவார், ஒருவர் ஈரெழுத்தால் எழுதுவார். பள்ளிச் சான்றிதழில் ஒருத்தி, ஆதாரில் ஒருத்தி, வங்கிப் புத்தகத்தில் ஒருத்தி என மூன்று தமிழ்ச்செல்விகள் ஆகிவிடுகின்றனர். மூவரும் ஒருத்தியே என்பது பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். இயந்திரத்துக்குத் தெரியாது. நம் பாட்டன்மார்க்கும் இதில் அனுபவம் உண்டு. கர்ணமும் வாத்தியாரும் வாய்க்கு வந்தபடி எழுதியதே அவர்களுக்குப் பெயர். வீட்டில் இட்ட பெயர் வேறு. அன்று எழுதியவரின் அலட்சியம் ஏட்டோடு நின்றது. இன்று அது கணிப்பொறியில் ஏறி, பேத்தியின் உதவித்தொகையை நிறுத்துகிறது.

இன்னொன்றும் பலர் அறியாதது. ஒருவருக்கு இரண்டு, மூன்று வங்கிக் கணக்குகள் இருக்கலாம். விண்ணப்பத்தில் எந்தக் கணக்கைக் குறித்திருந்தாலும், ஆதார்வழிப் பணம் கடைசியாக ஆதார் இணைக்கப்பட்ட கணக்கிற்கே போகும். பள்ளியில் படித்த காலத்தில் தொடங்கி, பின் மறந்துபோன கணக்கிலும் கிடக்கலாம். கல்லூரியோ கட்டணம் எங்கே என்று கேட்கும். பிள்ளை வட்டிக்கு வாங்கும்.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். படிப்பகத்தில் ஒரு குறிப்பேடு வையுங்கள். ரேஷன் கடையிலோ, இ-சேவை மையத்திலோ, வங்கியிலோ எவரேனும் வெறுங்கையோடு திரும்பினால், நாள், நேரம், சொன்ன காரணம், சொன்னவரின் பதவி ஆகியவற்றை எழுதிவையுங்கள். மூன்று மாதம் எழுதினால் எந்தக் கதவு அடிக்கடி அடைபடுகிறது என்று தெரியும். அந்த ஏட்டோடு திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திற்குப் போகலாம். உணவுப் பொருள் பற்றிய புகாருக்கு 1967 என்னும் எண் உண்டு. பதில் வராவிடில் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். "பாட்டிக்கு அரிசி கொடுங்கள்" என்று கெஞ்சுவதினும், "இந்தத் தேதியில் இந்தக் காரணம் சொல்லப்பட்டது, எந்த விதியின்படி?" என்று கேட்பது பயன் தரும்.

கூட்டம் முடிந்ததும் வாயிலருகே ஒரு மேசை போடப்படும். கல்லூரியில் சேரவிருக்கும் மாணவ மாணவியர் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் நான்கையும் எடுத்து வாருங்கள். இன்று கையில் இல்லாதவர் வரும் ஞாயிறு கொண்டுவரலாம். நான்கிலும் பெயர் ஒரே வகையாக இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையெனில் எதை முதலில் திருத்துவது என்று உட்கார்ந்து பேசுவோம். பெரும்பாலும் பள்ளிச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவது எளிது.