கையெழுத்துப் போடுவது யார்?

(மேச்சேரியில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

சென்னையில் வரும் ஆங்கில நாளேடுகளில் ‘இந்த வாரம் நகரில்’ என்கிற மாதிரி ஒரு பத்தி இருக்கும். எந்த கேலரியில் யாருடைய ஓவியம், எத்தனை மணிக்குத் திறப்பு, யார் திறந்து வைக்கிறார் என்று போட்டிருப்பார்கள். நமக்கும் இதுக்கும் என்னா சம்மந்தம் என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். சம்மந்தம் இருக்கிறது. நீங்கள் காலனியில் ஓவியக் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொல்கிறீர்கள். அதனால் இதைப் பேசித்தான் ஆகவேண்டும்.

நான் ஓவிய விமர்சகன் இல்லை. எழுதுவது கவிதை. பிழைப்பு, வங்கியில் குமாஸ்தா. ஆகவே கவுண்ட்டரில் இருந்தே தொடங்குகிறேன். காசோலையில் கையெழுத்து இல்லை என்றால் அது வெறும் காகிதம், திருப்பிவிடுவோம். நம்ம சனங்க கடனுக்கு வந்தால் மை டப்பாவை நகர்த்தி வைக்கிறோம். கையெழுத்து போடுகிறவனுக்குப் பணம் போகிறது, கைநாட்டு வைக்கிறவனிடமிருந்து பணம் வருகிறது. கேலரிக்குள்ளும் இதே கணக்குதான். ஓவியத்தின் மூலையில் இருக்கிற கையெழுத்துக்குத்தான் விலை. நம் மக்கள் அங்கே இல்லாமல் இல்லை. படத்தில் இருக்கிறார்கள், பொருளாக இருக்கிறார்கள், உழைப்பாக இருக்கிறார்கள். கையெழுத்தாக மட்டும் இல்லை.

இது இன்றைக்கு நேற்று வந்ததல்ல. சென்னையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கிய பள்ளி. மண்பாண்டம், உலோக வேலை, மர வேலை என்று கைத்தொழில் பள்ளியாகவே அது வெகுகாலம் நடந்தது. 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்புக்கு வந்த பிறகு ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்து ஓவியர்கள் சோழமண்டலம் கிராமத்தை உருவாக்கினார்கள். அங்கே பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற காசுதான் அவர்களுக்குச் சோறு போட்டது. அந்த ஓவியர்களை நான் மதிக்கிறேன். ஆனால் கவனியுங்கள்: நவீன ஓவியம் கைவினையின் தோளில் ஏறித்தான் நின்றிருக்கிறது.

அப்புறம் எதற்கு ‘கலை’ வேறு, ‘கைவினை’ வேறு என்கிற பிரிவு? கலைஞனுக்குச் சொந்தப் பெயர் உண்டு. கைவினைக்காரனுக்குச் சாதிப்பெயர் அல்லது ஊர்ப்பெயர். மியூசியங்களில் பறையைத் தொங்கவிட்டுக் கீழே சீட்டு ஒட்டுகிறார்கள்: பறை, தோல், மரம், தமிழ்நாடு. கட்டையைக் குடைந்தவர் யார், தோலை இழுத்துக் கட்டியவர் யார் என்று அதில் இருக்காது. நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேச்சேரிச் செம்மறி ஆட்டுக்குப் பெயர் இருக்கிறது. பொட்டனேரியில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையமே வைத்திருக்கிறார்கள். அதன் தோலுக்கு வெளியூரிலும் மதிப்பு. அந்தத் தோலை உரித்து, உப்புப் போட்டு, நாற்றத்தைச் சுமந்தவனுக்கு என்ன பெயர் கொடுத்தது இந்தச் சமூகம்? நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் காதிலேயே விழுந்திருக்கும்.

மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீர்கள். ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் நிறுவினார்கள். பாறையை நெம்புகிற நாலு பேர். அற்புதமான சிற்பம், மறுப்பில்லை. அதற்கு உடம்பைக் காட்டி நின்றவர்களில் கலைப்பள்ளிக் காவலாளி ஒருவரும் உண்டு என்று சொல்லப்படுகிறது. சிற்பி பெயர் பாடப்புத்தகத்தில். காவலாளி பெயரைக் கேட்டால் உங்களில் எத்தனை பேர் சொல்வீர்கள்?

பழைய கதை என்று தள்ள முடியாது. சென்னை கண்ணகி நகருக்கு வாருங்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் உள்ளேயிருந்தும் பிடுங்கியெறியப்பட்ட சனங்களை 2000 முதல் கொண்டுபோய்க் கொட்டிய இடம். 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். 2020-இல் ஸ்டார்ட் இந்தியா என்கிற அமைப்பும் ஆசியன் பெயின்ட்ஸ் கம்பெனியும் மாநகராட்சியும் சேர்ந்து அந்த அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வரைய வைத்தார்கள். ‘கலை மாவட்டம்’ என்று பெயரும் வைத்தார்கள். அந்தப் பகுதிக் குழந்தைகளின் முகமே சுவர் உயரத்துக்குச் சிரிக்கிறது. குழந்தைகளுக்குச் சந்தோசமாகத்தான் இருந்திருக்கும், அதை நான் கேலி பண்ணவில்லை. கேலரிக்குப் போகமுடியாத சனங்களிடம் கேலரி வந்ததே என்றும் கேட்கலாம். என் கேள்வி வேறு. சுவருக்கு வர்ணம் வந்தது, அந்தச் சுவருக்குள்ளே இருக்கிறவர்கள் விட்டுவந்த வேலையும் பள்ளிக்கூடமும் திரும்ப வந்ததா? முகம் நம்முது, சுவர் அரசாங்கத்தினுது, பெயின்ட் கம்பெனியினுது, கையெழுத்து வெளியிலிருந்து வந்த ஓவியரினுது.

சரி, நம்மில் ஒருவர் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்ததா? ஜங்கர் சிங் ஷ்யாமை நினைத்துக்கொள்ளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் பட்டன்கர் கிராமத்துப் பர்தான் கோண்டு ஆதிவாசி. குடிசைச் சுவரில் வரைந்துகொண்டிருந்தவரை ஓவியர் ஜே. சுவாமிநாதனின் ஆட்கள் கண்டுபிடித்து போபாலுக்கு அழைத்து வந்தார்கள். 1982-இல் திறந்த பாரத் பவனில் ஆதிவாசிக் கலையும் நகரத்து நவீனக் கலையும் ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்டன. அது பெரிய காரியம். 1989-இல் பாரிஸ் கண்காட்சி வரைக்கும் போனார் ஜங்கர். 2001-இல் ஜப்பானில் ஒரு மியூசியத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது தூக்கில் தொங்கினார். வயது நாற்பதை ஒட்டித்தான். பெயர் கிடைத்தது, புகழ் கிடைத்தது. வீட்டுக்குத் திரும்பி வரக் கிடைக்கவில்லை. ஆகவே கையெழுத்து மட்டும் போதாது தோழர்களே, எந்தக் காகிதத்தில் போடுகிறோம் என்பதும் நம் கையில் இருக்கவேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நாக்பூர்க்காரர் சவி சாவர்க்கர், கழுத்தில் எச்சில் கலயம் கட்டிய தீண்டப்படாதவனை வரைந்தார். அழகாக வரையவில்லை. கோடே குத்துகிறது. பார்க்கிறவன் வசதியாக நிற்கமுடியாது. நம்ம பக்கம் பழனிக்குமார், 2017-இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், மலக்குழியில் இறக்கப்படுகிறவர்களைத் தொடர்ந்து படம் எடுத்தவர். அதோடு நிற்காமல் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றுக்கொடுக்கிறார். படத்தில் இருந்த பிள்ளை படம் எடுக்கிற பிள்ளையாக மாறுகிற இடம் அது. அதைத்தான் விடுதலை அழகியல் என்று நான் சொல்வேன்.

கேலரியில் இருக்கிற சிற்பத்துக்கு இன்சூரன்ஸ் போடுகிறார்கள். நம்ம அம்பேத்கர் சிலையைத் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் கம்பிக்கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். கேலரிக்காரனுக்குத் திருட்டுப் பயம், இங்கே சாதிவெறியின் பயம். ஒரு சிமெண்ட் சிலையைக் கண்டு ராத்திரியில் ஒருத்தனுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது எப்பேர்ப்பட்ட கலை! ஆனால் எந்த விமர்சகரும் அதைச் சிற்பக்கலை என்று எழுதமாட்டார். அந்த நீலக் கோட்டை, நீட்டிய விரலை, கையிலிருக்கும் புத்தகத்தை வார்த்த கொத்தர் யார் என்று நாமும் எழுதிவைக்கவில்லை.

ஆகவே உங்கள் கண்காட்சிக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒவ்வொரு பொருளுக்கும் செய்தவர் பெயரை எழுதுங்கள். பறை வைத்தால் கட்டியவர் பெயர், கூடை வைத்தால் பின்னிய அம்மா பெயர். போட்டோவில் இருக்கிறவரிடம் சம்மதம் கேளுங்கள், அவர் பெயரையும் போடுங்கள். விற்றால் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். திறந்து வைக்கப் பெரிய மனுசனைத் தேடாதீர்கள். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கட்டும், அந்த மை அவர் செய்த பொருளுக்குக் கீழே இருக்கட்டும், கடன் பத்திரத்துக்குக் கீழே அல்ல.

வேலையை நாளைக்கே ஆரம்பிக்கலாம். ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு காலனியில் வீடு வீடாகப் போங்கள். யார் என்ன செய்யத் தெரிந்தவர் என்று பெயரோடு எழுதிக்கொண்டு வாங்க. மற்றதை அடுத்த கூட்டத்தில் விவாதிப்போம்.