ஓடும் தாளும் ஒளிக்கண்ணும்



எங்கள் சிங்கப்பெருமாள் கோயிலில் அர்ச்சகர் நரசிம்மரின் திருநாமத்தைச் சற்றே உயர்த்தி, நெற்றியிலுள்ள மூன்றாம் கண்ணைக் காட்டுவார். அண்மையில் அச்சந்நிதி வாயிலில் என் பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். துணி ஆலையொன்றில் பரிசோதகர் அவர். விளக்கொளி வீசும் கண்ணாடி மேசைமீது துணி ஓடிக்கொண்டேயிருக்க, கறையும் ஓட்டையும் தேடி நாள் முழுதும் விழித்திருப்பதே அவர் தொழில். "ஐயா, ஆலைக்கு எந்திரக் கண் வரப்போகிறதாம். எனக்கு இனி வேலை உண்டா?" என்றார். அவ்வினாவே இவ்வுரைக்குக் காரணம்.

ஓடுகின்ற தாளைத் தொட்டு அளந்தால் கிழியக்கூடும். நிறுத்தி அளந்தாலோ உற்பத்தி கெடும். ஒளியோ தொடாமலே அளக்கும். தாளின் ஓரத்தில் மேலே ஒரு விளக்கும் கீழே ஓர் ஒளிமின்கலமும் வைப்பர். ஓரம் விலகினால் கலத்தில் விழும் ஒளி கூடும் அல்லது குறையும். அதற்கேற்ப மின்னோட்டமும் மாறும். உடனே உருளை திரும்பித் தாளை நேராக்கும்.

1984 முதல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்துவரும் புகளூர் ஆலையை அறிவீர்கள். காகிதத்துக்கு ஈரப்பதம் உயிர்நாடி. அகச்சிவப்பு ஒளியின் சில அலைநீளங்களை நீர் மிகுதியாக விழுங்கும். சிலவற்றை அவ்வளவாக விழுங்காது. இரண்டையும் ஒப்பிட்டால், ஓடும் தாளிலுள்ள ஈரம் புலப்படும்.

குறை காண்பதற்கு வரிக்கேமரா உண்டு. அது ஒரு நேரத்தில் ஒரே வரியைத்தான் பார்க்கும். ஒரு சிறு கணக்குப் போடுவோம். தாள் நிமிடத்துக்கு 1,000 மீட்டர் ஓடுகிறது. மில்லிமீட்டருக்கு ஒரு வரி பார்க்கவேண்டும். எனில், நொடிக்கு ஏறத்தாழ 16,667 வரிகள்! மனிதக் கண்ணால் இயலுமோ?

ஆயினும், அக்கண் காண்பது வேறுபாட்டை மட்டுமே. ஒட்டிய தூசியா, ஓட்டையா? மடிப்பா, கறையா? எதை ஏற்பது, எதைத் தள்ளுவது? இவற்றை அனுபவமுள்ளவர் எடுத்துக்காட்டுகளால் கற்பிக்கவேண்டும். வகுப்பறைக்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை.

மாணவரிடம் நான் உண்மையை மறைக்கவில்லை. "பலர் பார்த்த வேலைக்கு இனிச் சிலரே போதும். அச்சிலருள் ஒருவராக நீர் இருக்கவேண்டுமானால், அக்கருவிக்கு ஆசிரியராகும்" என்றேன். ஆனால், கற்றுக்கொள்ளும் பொறுப்பை அவர் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று. புதுக்கண் வாங்கும் ஆலை, இத்தனை ஆண்டுகள் தனக்காக விழித்திருந்த பழைய கண்களுக்கும் பயிற்சி அளிக்கக் கடமைப்பட்டதன்றோ?