யோமன் சர்வீஸ்

பாராட்டு விழாவில் பொன்னாடை போர்த்திவிட்டு, "இவர் யோமன் சர்வீஸ் செய்தவர்" என்று மேடையில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆங்கில நாளேடுகளின் இரங்கல் செய்திகளிலும் இது அடிக்கடி வரும். மாபெரும் சேவை என்றே பலரும் பொருள் கொள்கிறோம். யார் இந்த யோமன்?

இடைக்கால இங்கிலாந்தில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்து உழுது பிழைத்தவர். பிரபுவும் அல்ல, கூலியாளும் அல்ல. போர் வந்தால் வில்லை எடுத்துக்கொண்டு புறப்படுவார். 1346இல் கிரெசியிலும் 1415இல் அஜின்கோரிலும் கவசம் பூண்ட பிரெஞ்சு வீரர்களைத் திணறடித்தவர்கள் இப்படிப்பட்ட வில்லாளிகள்தான்.

ஆளுயர வில் அது. இழுக்கப் பழகவே ஆண்டுகள் ஆகும். விடுமுறை நாட்களில் பந்தாட்டத்தை விட்டுவிட்டு வில் பழகுங்கள் என்று 1363இல் மன்னர் மூன்றாம் எட்வர்ட் ஆணையே போட்டார். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலை 1982இல் கடலடியிலிருந்து தூக்கினார்கள். அதிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட விற்கள் கிடைத்தன, கூடவே எலும்புக்கூடுகளும். சிலவற்றில் தோள்பட்டை எலும்பின் நுனி ஒட்டாமல் தனித்தே நின்றது. சிறு வயதிலிருந்தே வில் இழுத்ததன் அடையாளமாக அது இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். படித்தபோது மனம் கனத்துவிட்டது. எலும்பு வரைக்கும் இறங்கிய உழைப்பு!

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் யோமன் சர்வீஸ் என்ற இந்தத் தொடர் வருகிறது. திருத்தமாகக் கையெழுத்து எழுதுவது குமாஸ்தா வேலை என்று ஒரு காலத்தில் ஒதுக்கியவன் இளவரசன் ஹாம்லெட். தன்னைக் கொல்லச் சொல்லும் அரச மடல் கப்பலில் அவன் கையில் சிக்குகிறது. அதற்குப் பதில் வேறொரு மடலை அவனே எழுதி வைக்கிறான். அவன் ஒதுக்கிய கையெழுத்துதான் உயிரைக் காக்கிறது. அதைத்தான் யோமன் செய்த சேவை என்று நண்பனிடம் சொல்கிறான். பகட்டு இல்லாமல், வேண்டிய நேரத்தில் கைகொடுக்கும் உழைப்பு என்பதே இதன் பொருள். அதனால் இருபது வருஷம் ஓடிய சைக்கிளுக்கும் இதைச் சொல்லலாம்.

ரிப்பன் வெட்டிவிட்டுப் போனவருக்கு இந்தச் சொல்லைக் கொடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விடியுமுன் எழுந்து ஊர்த் தொட்டியின் தண்ணீரைத் திறந்துவிடுகிறவர் இருக்கிறார். ஒரே பள்ளியில் ஆண்டுக்கணக்காகச் சத்துணவு சமைத்த அம்மா இருக்கிறார். அவர்கள் ஓய்வு பெறும் நாளில் மேடை போடுவது அபூர்வம். போட்டால், யோமன் சர்வீஸ் என்று ஒலிபெருக்கியில் தயங்காமல் சொல்லுங்கள்.