கூடிப் பேச ஒரு திண்ணை
(முன்னாள் மாணவியர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



'பெண்கள் முன்னேற்றம்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். ரொம்பப் பெரிய தலைப்பு. எனக்குத் தெரிந்தது ஒரு திண்ணை. அதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

பட்டாசு ஆலையில் மருந்து வேலை நடக்கும் அறையில் எத்தனை பேர் இருக்கலாம்? சிவகாசிப் பிள்ளைகளைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள், நாலு பேர் என்று. அறைக்கும் அறைக்கும் இடைவெளியும் விட வேண்டும். எதற்காக இந்த விதி என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதைப் பார்த்த ஊர் இது.

விதி நல்ல விதிதான். ஆனால் அதனால் இன்னொன்றும் நடக்கிறது. ஒரே ஆலையில் பத்து வருஷம் வேலை பார்த்த இரண்டு பெண்கள் ஒரு தடவைகூட உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். வீட்டு வாசலில் தீப்பெட்டி டப்பி ஒட்டுகிறவர், காகிதக் குழாய் உருட்டுகிறவர் பாடு இன்னும் தனி. எண்ணிக்கைக்குக் கூலி. பேசினால் கை நிற்கும், கை நின்றால் கூலி குறையும்.

நான் வங்கியில் வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வந்தன. 1989-ல் தருமபுரியில் பன்னாட்டு நிதியுதவியோடு தொடங்கியது. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களுக்கு வங்கிக் கடன் இணைப்பு என்று சோதனை பார்த்தது. 1997-98-ல் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. எங்கள் கிளையில் ஆண்களுக்கு அந்த வேலையில் ஆர்வம் இல்லை. "நீங்க லேடீஸ்தானே, நீங்களே பாருங்க" என்று என் தலையில் கட்டினார்கள். அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

திருத்தங்கல் பக்கம் ஒரு தெரு. ராத்திரி எட்டு மணிக்குத்தான் கூட்டம், அதற்கு முன்னால் யாருக்கும் வேலை ஓயாது. 12 பேர். வாரம் 10 ரூபாய் சேமிப்பு. மாதம் ஐநூறுகூடத் தேறாது. நான் கணக்கு நோட்டைத் திறந்து சேமிப்பின் அவசியம் பற்றி ஆரம்பித்தேன். ஒருவரும் கேட்கவில்லை. ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "உங்க ஆலையில எண்ணிக்கைக்கு எவ்வளவு தர்றாங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஒன்பதரை மணி வரை நான் வாய் திறக்கவில்லை. ஒரே வேலைக்கு மூன்று விதக் கூலி என்று அன்றைக்குத்தான் அவர்களுக்கே தெரிந்தது.

அடுத்த வாரம் அட்வான்ஸ் பேச்சு வந்தது. வெளியூர்த் தோழிகளுக்காகச் சொல்கிறேன். ஆலையில் முன்பணம் வாங்கிவிட்டால் அதை அடைக்கும் வரை வேறு ஆலைக்குப் போக முடியாது. ஒரு பெண் சொன்னார்: "எனக்கு மட்டும்தான் கடன்னு வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சு மேடம். சுத்திப் பாத்தா பன்னெண்டு பேருக்கும் இருக்கு."

ஆறு மாதத்தில் ஏறக்குறைய மூவாயிரம் சேர்ந்தது. யார் அட்வான்ஸை முதலில் அடைப்பது? மூன்று கூட்டம் சண்டை. கடைசியில் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வீட்டில் பத்தாவது படித்த பெண்ணைக் கடனுக்காக வேலைக்கு அனுப்ப இருந்தார்கள். குழந்தைத் தொழில் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996 டிசம்பரிலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்தி வைத்தது தெருவில் சேர்ந்த 2,000 ரூபாய்தான்.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. கல்குவாரிப் பெண்கள்கூட ஓட்டினார்கள். மதுரைப் பக்கம் புல்லுச்சேரியில் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி சின்னப்பிள்ளை அம்மா 'களஞ்சியம்' குழுக்களைக் கட்டினார். ஸ்திரீ சக்தி விருது கொடுத்த மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொன்னால் அது பொய். நான் சொன்ன குழு ஒரு கல்யாணக் கடன் தகராறில் ஒருமுறை உடைந்தது. இரண்டு வருஷம் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சேர்ந்தார்கள். 2018 அக்டோபர் தீர்ப்புக்குப் பிறகு பல ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அந்தத் திண்ணைக்குத்தான் தெரிந்தது.

இப்போது எனக்கு ஒரு வருத்தம். இன்று தெருவில் 'குழு' என்றால் வேறு அர்த்தம். நுண்கடன் கம்பெனிக்காரர்கள் நாலைந்து பேரை ஒருவருக்கொருவர் ஜாமீனாக்கிக் கடன் கொடுக்கிறார்கள். வாரத் தவணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் நிற்க வேண்டும். கடன் வசூல் கெடுபிடியைத் தடுக்க 2025-ல் தமிழக அரசு சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. அங்கேயும் பெண்கள்தான் கூடுகிறார்கள். ஆனால் பேச்சு இல்லை. தவணை கட்டியதும் கலைந்து போய்விடுகிறார்கள்.

தங்கைகளே, உங்களில் பலர் வீட்டில் அம்மா, அத்தை, மதினி இந்த இரண்டு வகையில் ஏதோ ஒரு குழுவில் இருப்பார்கள். இன்று போனதும் அந்தப் பாஸ்புத்தகத்தை வாங்கி ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். வட்டி எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். தீர்மான நோட்டு எழுத ஆள் இல்லை என்று இரண்டு குழுக்கள் போன மாதம் என்னிடம் கேட்டன. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி. விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை வந்து பாருங்கள்.