தன்னியங்கியும் மெய்ம்மயக்கமும்



எழுத்துத்தொடரை ஒவ்வோர் எழுத்தாய்ப் படித்து, நிலைமாறி, முடிவில் 'ஏற்கத்தகும்', 'தகாது' எனத் தீர்ப்பளிக்கும் கருத்தியற் பொறியே தன்னியங்கி. 1956-இல் அமெரிக்க மொழியறிஞர் நோம் சாம்சுக்கி இலக்கணங்களை ஆற்றல்வகையால் தரம்பிரித்தார். கணிப்பொறியியலில் அஃது அடிப்படைக் கல்வியாயிற்று.

தமிழ் மாணாக்கனோ அதனை அயன்மொழியில் நெட்டுருச் செய்து மயங்குகின்றான். தொல்காப்பிய மெய்ம்மயக்கத்தை அவன்முன் வைத்தாலென்ன? ககரமெய்யின்பின் ககரமே வரும். ரகர ழகர மெய்கள் தம்மொடு தாம் மயங்கா. இவற்றைத் தேர்தற்கு முன்வந்த ஓரெழுத்தின் நினைவே போதும். அதுவே வரம்புநிலைத் தன்னியங்கி! 'பக்கம்' என்பதை ஏற்கும். 'பக்தி'யைத் தகரத்திலேயே தடுத்துவிடும். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி எத்துணை ஆழமும் செல்லுமாயின் இப்பொறி போதாது, அடுக்குநினைவு வேண்டும்.

தொல்காப்பியரே கணிப்பொறி கண்டாரெனும் வெற்றுரை வேண்டா. அந்நூற்பாக்களை ஆசிரியர் கரும்பலகையில் நிலைவரைபடமாக வரைந்து காட்டட்டும், தமிழிலேயே விளக்கட்டும்.