"நமக்கெதுக்கு"ன்னு சொல்லாதீங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



"பெண்களும் தலைமைப் பண்பும்" என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. தலைப்பு பெரிசு, நான் படிச்சது பத்தாவது. அதனால விளக்கமெல்லாம் சொல்லப் போறதில்லை. நம்ம குழுக்களில் நடக்கிறதை மட்டும் பேசுறேன்.

நிர்வாகிகளை மாத்தணும்னு கூட்டம் போடுவோம். அடுத்த ஊக்குநர் யாரு, பிரதிநிதிகள் யாருன்னு கேட்டதும் எல்லாரும் தரையைப் பார்ப்போம். "அவுகளே இருக்கட்டும், நமக்கெதுக்கு" என்று ஒருத்தர் சொல்வார். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று இன்னொருத்தர். "எனக்கு பேங்குல பேச வராதுக்கா" என்று மூணாவது ஆள். கடைசியில் பழைய ஆள் பேரையே தீர்மான நோட்டில் எழுதிட்டு எந்திரிச்சு வந்துருவோம். ஒருத்தியே பத்து வருஷம் அந்த நோட்டைச் சுமந்தா அவளுக்கும் அலுப்பு, மத்தவங்களுக்கும் சந்தேகம். எத்தனையோ குழு உடைஞ்சது இதனாலதான், பணத்தால இல்லை.

பேச வராதுன்னு சொல்றதை நான் நம்ப மாட்டேன். குண்டு மிளகாய் மூட்டையைக் கமிஷன் கடைக்குக் கொண்டு போறோம். வெளுத்த வத்தல் கிடக்குன்னு விலையைக் குறைச்சா சும்மா இருக்கோமா? எடையில் ஒரு கிலோ குறைஞ்சா விடுறோமா? நூறு நாள் வேலையில் வருகை விட்டுப்போச்சுன்னா நம்ம குரல் கண்மாய்க்கரை வரைக்கும் கேட்கும். அங்கே வர்ற பேச்சு பேங்கு வாசப்படி ஏறினதும் எங்கே போகுது? ஒரு பேங்கில் என்னை ஒரு மணி நேரம் நிற்க வெச்சுட்டு, "வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா" என்றார்கள். "குழுக்கணக்கு சார், எங்க மூணு பேர்ல ரெண்டு பேர் கையெழுத்துக்குத்தான் பணம், அவர் வந்து என்ன செய்வார்" என்று கேட்டேன். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார்கள்.

மதுரை புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவை உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகாதவர், கூலி வேலை செய்தவர். வயக்காட்டு வேலைக்குப் போற பெண்களுக்கு முன்னால நின்று கூலி பேசியவர். களஞ்சியம் இயக்கத்தில் சேர்ந்து பெண்களைச் சேமிக்க வெச்சார். டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தப்போ பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. அந்தப் படத்தை நம்ம ஆபீஸ் சுவரில் மாட்டலாம் என்பது என் ஆசை.

நான் அதிகம் சொல்ல நினைக்கிறது நம்ம மாவட்டத்துக்காரரைப் பற்றி. பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி அக்கா. சின்னப் பிள்ளையிலிருந்தே கடலில் பாசி எடுக்கிறவர். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று சொல்வாங்களே, அது. விரலில் துணி சுத்திக்கிட்டு, முகத்தில் கண்ணாடி மாட்டிக்கிட்டு, மூச்சைப் பிடிச்சு முங்கி எடுக்கணும். பாறை கையைக் கிழிக்கும். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளையும் 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினாங்க. பாட்டி காலத்திலிருந்து போன கடலுக்கு, இப்போ போனா தப்பு என்று ஆயிருச்சு. பிழைப்பே போற நிலைமை.

அப்போ அந்தப் பெண்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்தாங்க. சத்தம் போட்டதோடு நிற்காம, தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கிட்டாங்க. மாசத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போறது. பாறையை இரும்பால் சுரண்டுறதில்லை, கையால்தான் பறிக்கிறது. யோசிச்சுப் பாருங்க, பாக்கி நாளெல்லாம் அந்த வருமானம் இல்லை. வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் "இன்னைக்குப் போகக்கூடாது" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லணும். லட்சுமி அக்கா அந்தக் கூட்டமைப்பின் தலைவியாக இருந்தார். 2015-ல் சீகாலஜி என்கிற அமைப்பின் விருது வாங்க அமெரிக்கா வரைக்கும் போனார்.

எனக்கு அமெரிக்கா போனது பெரிசாத் தெரியலை. அந்த "போகக்கூடாது"தான் பெரிசு. நமக்கும் அதே சோதனை வருதே. சொந்த மதினி உள்கடன் கேட்பாள், பழைய தவணை மூணு பாக்கி இருக்கும். இல்லைன்னு சொன்னா அடுத்த விசேஷத்தில் முகம் கொடுக்க மாட்டாள். சொல்லலேன்னா, சந்தா ஒழுங்காக் கட்டுற மத்தவங்க பணம். மைக்கில் பேசத் தெரிஞ்சவங்களைவிட இந்த இடத்தில் நிற்கத் தெரிஞ்சவங்கதான் குழுவுக்கு வேணும். அப்படிப்பட்டவங்க நம்மில் நிறையப் பேர், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்காங்க.

ஜப்பானிலும் இப்படி மூச்சடக்கி முங்கிப் பாசியும் சிப்பியும் எடுக்கிற பெண்கள் உண்டு. அமா என்று பேர். 60, 70 வயசிலும் முங்குறாங்களாம்! அந்த ஊரில் வேலையில் பெண்ணுக்குச் சம வாய்ப்பு என்று 1985-ல் சட்டம் போட்டாங்க. அப்படியும் கம்பெனிகளில் மேல் நாற்காலியில் பெண்கள் இன்னும் குறைவுதான். அவ்வளவு படிச்ச நாட்டிலேயே இப்படின்னா, சட்டம் மட்டும் நாற்காலியில் உட்கார வைக்காதுன்னு தெரியுது. நமக்கும் உள்ளாட்சியில் 33 சதவீதமாக இருந்த இடஒதுக்கீடு 2016-ல் 50 ஆச்சு. ஆனால் பல ஊரில் தலைவி பேர் பலகையில், தலைவியின் வீட்டுக்காரர் நாற்காலியில். கிராம சபையில் அவர்தான் பேசுறார். குழுவில் வரவு செலவை வாய்விட்டு வாசிச்சுப் பழகின பெண் ஊராட்சித் தலைவியானா அப்படி நடக்காது. படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போட மாட்டாள்.

அதனால ஒன்று கேட்கிறேன். அடுத்த மாதம் கூட்டமைப்பு செயற்குழுவுக்கு ஆள் எடுக்கிறாங்க. ஒவ்வொரு குழுவும் இதுவரைக்கும் எந்தப் பொறுப்பும் பார்க்காத ஒருத்தர் பேரைக் கொடுங்க. கைநாட்டுப் போடுறவங்க என்றாலும் சரி, எழுத ஆள் இருக்கு. ரொக்கப் புத்தகம் பார்க்கப் பயப்படுறவங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டமைப்பு ஆபீசுக்கு வாங்க, நானும் இருப்பேன், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். வீட்டில் கேட்டுச் சொல்றேன் என்கிறவங்க கேளுங்க, ஆனா "போகட்டுமா" என்று கேட்காம "போறேன், சாயங்காலம் பிள்ளைகளைப் பார்த்துக்கங்க" என்று சொல்லிப் பாருங்க.

சாப்பாடு தயாரா இருக்குன்னு சைகை காட்டுறாங்க. பேரைச் சாப்பிடுறதுக்கு முன்னாடியே கொடுத்துருங்க, பிறகு மறந்துரும்.