புகைக்கும் ஒரு பேரேடு

பெரிய நிறுவனம் ஒன்று தன் வரவு செலவை எவ்வாறு நடத்துகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு ரூபாய் செலவானாலும் அதற்குச் சீட்டு உண்டு. சீட்டு பேரேட்டில் ஏறும். ஆண்டு முடிவில் தணிக்கையாளர் வந்து அதனைச் சரிபார்ப்பார். ஆனால், அதே நிறுவனம் நாள்தோறும் காற்றில் கலந்துவிடும் கரியமில வாயுவுக்கு அண்மைக் காலம் வரையில் கணக்கே இருந்ததில்லை. கணக்கில் ஏறாத செலவை எவராலும் குறைக்க இயலாது. ஆதலின், இவ்வாயுவைக் குறைக்கும் வழிகளைப் பற்றிப் பேச வந்துள்ள நான், கணக்கிலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

நிலக்கரியோ டீசலோ எரியும்போது, அதிலுள்ள கரி காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடுகிறது. 12 பங்கு கரி 32 பங்கு பிராணவாயுவுடன் சேர்ந்து 44 பங்கு கரியமில வாயு ஆகிறது. ஆகவேதான் ஒரு லிட்டர் டீசல், ஒரு கிலோகூட எடையில்லாத அந்த எண்ணெய், எரிந்து முடிந்தபின் ஏறத்தாழ 2.7 கிலோ வாயுவாக வெளிவருகிறது. ஹவாய்த் தீவின் மௌனலோவா மலைமீது 1958-இல் கீலிங் என்னும் அறிஞர் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் இவ்வாயு ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. 2024-இல் அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. ஒருமுறை கலந்த வாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் நீங்காமல் நிற்கும்.

செங்கற்பட்டு மாவட்டத்தார்க்கு இஃது எங்கோ நடக்கும் செய்தியன்று. 1901 முதல் 2018 வரையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. மாமல்லபுரத்துக் கடற்கோயிலைச் சுற்றிக் கருங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். கரையை அரிப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பது உண்மையே. எனினும், உயரும் கடல் அந்த அரிப்புக்குத் துணை நிற்கிறது என்பதில் ஐயமில்லை.

இனி, கணக்குக்கு வருவோம். உலகெங்கும் நிறுவனங்கள் இக்கணக்கை மூன்று தலைப்புகளில் எழுதுகின்றன. தன் கொதிகலனிலும் தன் வண்டியிலும் எரித்தது முதல் தலைப்பு. விலைக்கு வாங்கிய மின்சாரத்துக்காக வேறிடத்தில் எரிந்தது இரண்டாவது. மூலப்பொருள் தருவோர் எரித்ததும், விற்ற பொருளை வாங்கியவர் எரிப்பதும் மூன்றாவது. முதல் இரண்டையும் எழுதுவது எளிது. உண்மை பெரிதும் ஒளிந்திருப்பது மூன்றாவதில்தான்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நடைபெறுகிறது. அதன் கொள்திறன் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். இத்தகைய ஆலைகளில் ஆயிரம் லிட்டருக்கு மூன்று அல்லது நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். அப்படியானால், முழுத் திறனில் ஓடும் நாளில் மூன்று நான்கு லட்சம் யூனிட் ஆகும். இந்திய மின்தொகுப்பின் சராசரி, யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. பெருக்கினால் நாளொன்றுக்கு 210 முதல் 280 டன் வருகிறது. ஆலையில் புகைபோக்கி இல்லை. ஆனால், புகை வேறிடத்தில் எழுகிறது!

இதனால் நீரே வேண்டாம் என்பது பொருளன்று. எங்கே குறைக்கலாம் என்பதைக் கணக்குக் காட்டுகிறது என்பதே பொருள். கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் சவ்வின் வழியே செலுத்தும்போது, பிரிந்து வெளியேறும் உவர்நீரும் அதே அழுத்தத்தைத் தாங்கி வரும். அதை வீணே விட்டுவிடாமல், புதிதாக வரும் நீருக்கு மாற்றித் தரும் கருவிகள் உள்ளன. அவற்றால் மின்செலவில் பெரும்பகுதி மிச்சமாகிறது.

ஆகவே, கணக்குக்கு அடுத்த படி சிக்கனம். ஒரு தொழிற்சாலை ஓய்ந்திருக்கும் இரவில் அதனுள் நடந்து பாருங்கள். அழுத்தக் காற்றுக் குழாய்களில் ‘உஸ்’ என்னும் ஓசை கேட்டால், அது பணமும் கரியும் கசியும் ஓசை என்றே கொள்ளலாம். விசிறிகளையும் பம்புகளையும் எடுத்துக்கொண்டால், இயற்பியல் நமக்கு ஒரு சலுகை தருகிறது. வேகத்தை ஐந்தில் நான்காகக் குறைத்தால் மின்செலவு ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஏனெனில், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டியே மின்செலவு அமைகிறது. வாயிற்கதவைப் பாதி மூடிவிட்டு மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டுவதைவிட, மோட்டாரின் வேகத்தையே குறைப்பது அறிவுடைமை.

மூன்றாம் படி, மின்சாரத்தின் பிறப்பிடத்தை மாற்றுவது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் பிறந்த யூனிட்டும், ஆரல்வாய்மொழிக் காற்றில் பிறந்த யூனிட்டும் விளக்கில் ஒன்றுபோலவே எரியும். பேரேட்டில் அவை ஒன்றல்ல. 1984 முதல் கல்பாக்கத்து அணுமின் நிலையம் தந்துவரும் மின்சாரமும் நிலக்கரிப் புகையின்றிப் பிறப்பதே. நம் மாநிலத்து நூற்பாலைகள் பல, காற்றாலைகளில் முதலீடு செய்து தம் மின்தேவையை நிறைவு செய்துகொண்டுள்ளன. பெருநிறுவனங்களுக்கு அவ்வழி திறந்தே இருக்கிறது.

இவற்றையெல்லாம் ஓரளவேனும் செய்துபார்க்கும் ஓரிடம் செங்கற்பட்டுக்கு அருகே பரனூரில் உள்ள மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. அங்கு உணவுக் கூடங்களில் மிஞ்சும் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் நிலையம் 2015-இல் அமைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 8 டன் கழிவை ஏற்று 1,000 கன மீட்டர் வாயு தருமாறும், அதைத் தூய்மை செய்து 400 கிலோ வண்டி எரிபொருள் பெறுமாறும் அது வகுக்கப்பட்டது. குப்பைமேட்டில் அழுகினால் அக்கழிவு மீத்தேனை வெளியிடும். நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்குவது மீத்தேன். ஆகவே, இதில் இரட்டை ஆதாயம் உண்டு.

அந்நகரை நிறுவிய குழுமத்தைச் சேர்ந்த மஹிந்திரா அண்டு மஹிந்திரா கம்பெனி, 2016-இல் தான் வெளியிடும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் 10 டாலர் என்று தனக்குத் தானே விலை வைத்துக்கொண்டது. இந்தியக் கம்பெனிகளில் அவ்வாறு அறிவித்தது அதுவே முதல். விலை வைப்பதால் என்ன பயன்? ஆண்டுக்கு நூறு டன் குறைக்கும் யந்திரம் ஒன்று, விலை அதிகம் என்று முன்னர் தள்ளப்பட்டிருக்கலாம். இப்போது அதன் பக்கத்தில் ஆயிரம் டாலர் வரவாக ஏறுகிறது. முடிவெடுப்போர் அறையில் காற்றுக்கும் ஒரு குரல் கிடைக்கிறது. 2040-க்குள் கரிமச் சமநிலை எய்துவதாகவும் அக்கம்பெனி 2018-இல் உறுதி கூறியது.

இங்கேதான் மாணவர்களாகிய நீங்கள் விழிப்போடு இருத்தல் வேண்டும். மோட்டார் வண்டி செய்யும் எந்தக் கம்பெனிக்கும், ஆலையில் எரிவதைவிட, விற்ற வண்டிகள் சாலையில் ஓடும் காலமெல்லாம் எரிப்பதே பன்மடங்கு மிகுதி. கூரைமேல் சூரியத் தகடுகளைப் பரப்பிவிட்டு, மூன்றாம் தலைப்பை மறந்தால் கணக்கு நிறைவாகாது. அந்தப் பரனூர் வளாகத்திலேயே அக்கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடமும் இருக்கிறது. எந்த எரிபொருளில் ஓடும் வண்டியை அங்குள்ள பொறியாளர் வரைகிறார் என்பது, கூரைத் தகடுகள் அனைத்தையும்விடப் பெரிய கேள்வி.

இன்னொரு மயக்கமும் உண்டு. ‘ஒரு வண்டிக்கு ஆகும் புகையைக் குறைத்துவிட்டோம்’ என்பார்கள். வண்டிகளின் எண்ணிக்கை இருமடங்கானால் மொத்தப் புகை கூடியிருக்கும். கடல் சராசரியைப் பார்த்து உயர்வதில்லை. மொத்தத்தைப் பார்த்தே உயர்கிறது. அவ்வாறே, தன் புகையைக் குறைக்காமல், எங்கோ மரம் நட்டதற்கான சான்றிதழை வாங்கிக் கழித்துக்கொள்வதும் முதற்படி ஆகாது. எல்லாம் செய்தபின் எஞ்சியதற்கு மட்டுமே அது கடைசிப் படியாகலாம்.

2022-23 முதல் நம் நாட்டுப் பங்குச் சந்தையின் முதல் ஆயிரம் கம்பெனிகள் சுற்றுச்சூழல் பற்றிய அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. அவ்வறிக்கைகள் எவரும் படிக்கக் கிடைப்பவை. நாளை நீங்கள் அக்கம்பெனிகளில் பொறியாளராகவோ கணக்கராகவோ அமரக்கூடும். இன்றே ஓர் அறிக்கையை எடுத்து மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். மொத்தம் குறைந்ததா? மூன்றாம் தலைப்பு எழுதப்பட்டிருக்கிறதா? தானே குறைத்தது எவ்வளவு, விலைக்கு வாங்கிக் கழித்தது எவ்வளவு? இம்மூன்றுக்கும் நேரான விடை தரும் நிறுவனம், குறைக்கும் வழியில் உண்மையாகவே அடியெடுத்து வைத்துவிட்டது என்று கொள்ளலாம்.